பழைய ஸ்போர்ட்ஸ் கார் சில்லு: எது காசு, எது வெறும் இரும்பு?

கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. ரயர் மாற்றுவது, ஒட்டுப் போடுவது, நெளிந்த றிம்மை நிமிர்த்துவது, இவ்வளவுதான் தொழில். வன்னியில் ஃபெராரி ஓடுவதில்லை. ஏ9 வீதியில் ஓடினாலும், ஒரு கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கினால் அடி தட்டி அங்கேயே நின்றுவிடும். ஆனால் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஆக்கள் சிலருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கித் திருத்துகிற பித்துப் பிடித்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு சில்லின் படம் வரும். "மச்சான், இதுக்கு இவ்வளவு கேக்கிறாங்கள், வாங்கலாமோ?" என்று கேட்பார்கள். இங்கே இருப்பவர்கள் வேறு விதம். பழைய இரும்புக் கடையில் கண்ட அலோய் (கலப்பு உலோக) றிம்மைத் தூக்கிக்கொண்டு வந்து, இது பெறுமதியானதா என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரே வயது, ஒரே அளவு. ஒரு சில்லுக்கு மட்டும் ஏன் பத்து மடங்கு விலை?

சில்லுக்கென்று தனி விலை கிடையாது. அது எந்தக் காருக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரின் விலையைப் பிடித்துக்கொண்டுதான் அதுவும் ஏறுகிறது. ஃபெராரி 250 ஜிடிஓ என்று ஒரு கார். 1962 தொடக்கம் 1964 வரை 36 தான் செய்தார்கள். அதில் ஒன்று 2018 இல் கலிபோர்னியாவில் 48.4 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் உதிரிச் சில்லு ஒன்று தேடும்போது விலை கேட்டுத் தயங்க மாட்டார். மொரிஸ் மைனர் 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் றிம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் றிம் விலைக்குத்தான் போகும்.

அதற்கு அப்புறம்தான் மற்றவை வரும்: எந்த உலோகம், வார்த்ததா அடித்ததா, எத்தனை செய்தார்கள், தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கிறதா, வெடிப்பு உண்டா. பளபளப்பு இந்த வரிசையில் கடைசி. சில நேரம் அது விலையைக் குறைக்கவும் செய்யும்.

படம் அனுப்பினால் விலை சொல்வீர்களா?

முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் சொல்ல மாட்டேன். முன்பக்கத்தை எவரும் நகல் எடுக்கலாம். சில்லைத் திருப்பிப் போட்டு, மண்ணையும் பிரேக் தூளையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பின்பக்கத்தைப் படம் எடுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

அங்கே எண்களும் எழுத்துகளும் இருக்கும். 6ஜே × 15 என்று இருந்தால் அகலம் 6 அங்குலம், விட்டம் 15 அங்குலம். ஜே என்பது ரயர் வந்து உட்காரும் விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும். ஈடி என்று போட்டு ஒரு எண் இருந்தால், சில்லின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். செய்த நிறுவனத்தின் முத்திரை இருக்கும், பாக இலக்கம் இருக்கும், பல சில்லுகளில் செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். இந்தத் திகதி முக்கியம். 1969 இல் வந்த காரில் 1974 இல் வார்த்த சில்லு இருந்தால், அது அந்தக் காரோடு பிறந்தது இல்லை. பழைய கார்க் கண்காட்சிப் போட்டிகளின் நடுவர்கள் இதைத்தான் குனிந்து பார்ப்பார்கள்.

இரும்புச் சில்லுக்கு விலை இல்லையா?

இருக்கிறது. போர்ஷே 356 இரும்புச் சில்லோடுதான் வந்தது. அந்தச் சில்லுகளில் கேபிஇசட் என்று முத்திரை இருக்கும். குரோன்பிரின்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் அடையாளம் அது. பக்கத்தில் திகதியும் குத்தியிருப்பார்கள். காரின் திகதிக்குப் பொருந்துகிற ஐந்து சில்லு (உதிரியோடு சேர்த்து) ஒன்றாகக் கிடைத்தால் 356 வைத்திருப்பவர் விடமாட்டார். பார்வைக்கு அது எங்கள் ஒஸ்ரின் ஏ40 காரின் றிம்மைப் போல வெறும் கறுப்பு இரும்புதான். அந்தச் சின்ன எழுத்துகளுக்குத்தான் காசு.

ஏ40 என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கொஞ்சப் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. ஒஸ்ரின், மொரிஸ், கேம்பிரிட்ஜ் எல்லாம் அப்படித்தான் பிழைத்தன. அவற்றின் சில்லுகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. உலகச் சந்தையில் பெரிய விலை இல்லை, உண்மைதான். ஆனால் இன்னும் அந்தக் காரை ஓட்டுகிற ஒருவருக்கு நெளியாத றிம் ஒன்று கிடைப்பது பெரிய விஷயம். பழைய இரும்புக் கடைக்கு நிறுத்துப் போடுவதற்கு முன் அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

கம்பிச் சில்லு என்றால் எல்லாம் பெறுமதியா?

இந்தக் கேள்விக்கு எங்கள் சனத்துக்கு விளக்குவது சுலபம். சைக்கிள் தெரியாத வீடு வன்னியில் இல்லை. குடம், கம்பி, றிம், கம்பியை இறுக்கும் நிப்பிள், எல்லாம் அதேதான். தொடக்கமும் அங்கேதான். இங்கிலாந்தில் கொவன்றி நகரத்து றட்ஜ் விட்வேர்த் நிறுவனம் சைக்கிள் செய்துகொண்டிருந்தது. கழற்றி மாட்டக்கூடிய கார்க் கம்பிச் சில்லை இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே அவர்கள் கொண்டுவந்தார்கள். நாலைந்து நட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. குடத்தின் உட்புறத்தில் பற்கள், அச்சில் அதற்குப் பொருந்தும் பற்கள். அந்த நிறுவனத்தின் சைக்கிள் வியாபாரத்தைப் பிறகு றலி வாங்கிவிட்டது. உங்கள் அப்பப்பாவின் றலி சைக்கிளுக்கும் பந்தயக் கார்களுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

1922 இல் மிலான் நகரத்தில் கார்லோ பொர்ரானி அந்த றட்ஜ் உரிமத்தை வாங்கிச் சில்லு செய்யத் தொடங்கினார். பொர்ரானியின் சிறப்பு, அலுமினிய றிம்மில் இரும்புக் கம்பி கோத்தது. ஃபெராரி, மசராட்டி, அல்ஃபா றோமியோ எல்லாம் அதைத்தான் போட்டன. றிம்மில் ஆர்டபிள்யூ என்ற எழுத்தும் ஒரு மாதிரி எண்ணும் குத்தியிருக்கும். அந்த எண்ணை வைத்து அது எந்தக் காருக்கான சில்லு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எண் தேய்ந்துபோன பொர்ரானிக்கும் எண் தெளிவாக இருக்கிற பொர்ரானிக்கும் விலையில் நல்ல இடைவெளி இருக்கும்.

எம்ஜி, ட்ரையம்ஃப், ஜாகுவார் கார்களின் கம்பிச் சில்லு அப்படியில்லை. ஆயிரக்கணக்கில் செய்தார்கள், இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். 60 கம்பிச் சில்லைவிட 72 கம்பிச் சில்லு உறுதியானது. பழையதை வாங்கினால் முதலில் கம்பியைப் பார்க்காதீர்கள், குடத்துக்குள் விரலை விடுங்கள். உள்ளே இருக்கிற பற்கள் தட்டையான உச்சியோடு இருந்தால் நல்லது. கத்தி முனைபோலக் கூராகிவிட்டிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை எவராலும் திருத்த முடியாது. ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது அச்சு நிற்கும், சில்லு நிற்காது. கம்பி உடைந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். ஒரு ஸ்குறூ டிரைவரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். இதை நான் எந்தக் கார் மெக்கானிக்கிடமும் படிக்கவில்லை, பரந்தனில் ஒரு சைக்கிள் கடை ஐயாவிடம்தான் படித்தேன்.

நடுவில் சிறகு வைத்த நட்டு இருந்தால் பழையது என்கிறார்களே?

ஓரளவு சரி. சிறகில் செம்புச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவார்கள். 1968 இலிருந்து அமெரிக்காவில் விற்கிற புதுக் கார்களில் அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் சிறகு கூடாது என்று சட்டம் வந்தது. நடந்துபோகிறவரின் காலைக் கிழிக்கும் என்பதுதான் காரணம். அதனால் எம்ஜிபி, ஜாகுவார் ஈ டைப் போன்றவற்றுக்குச் சிறகில்லாத நட்டு வந்தது. ஆனால் நட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. நட்டை வைத்துச் சில்லின் வயதைச் சொல்லாதீர்கள். காரின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி எதிரெதிர் என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கும்போது நாலும் ஒரே பக்கத்து நட்டாக இருந்தால் சிரிப்பாகிவிடும்.

அலோய் சில்லு எப்போது வந்தது?

பந்தயக் கார்களில் புகாட்டி டைப் 35. 1924 இல் பிரான்சின் லியோன் நகரத்துப் பந்தயத்துக்கு வந்தது. அகலமான எட்டு ஆரங்களோடு வார்த்த அலுமினியச் சில்லு, பிரேக் உருளையும் அதோடு சேர்த்தே வார்த்தது. சில்லைக் கழற்றினால் பிரேக் கட்டைகள் அப்படியே வெளியே தெரியும், தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எட்டு ஆரம் என்ற வடிவம் அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. நல்ல வடிவம் சாகாது போலிருக்கிறது.

மக்னீசியம் சில்லு என்று சொல்கிறார்களே, அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பாரம்தான் காரணம். ஒரு கன சென்ரிமீற்றர் இரும்பு 7.87 கிராம், அலுமினியம் 2.70, மக்னீசியம் 1.74. அலுமினியத்தின் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. காரின் உடம்பில் பத்துக் கிலோ குறைப்பதும் சில்லில் பத்துக் கிலோ குறைப்பதும் ஒன்றல்ல. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற பாரம் ஒவ்வொரு குழியிலும் துள்ளும். அது குறைந்தால் ரயர் நிலத்தை விடாது. லான்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை) வெறும் பெட்டியோடு கிறவல் வீதியில் ஓட்டிப் பார்த்தவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை, முதுகு சொல்லியிருக்கும்.

அறுபதுகளில் பந்தயக்காரர் எல்லோரும் இதன் பின்னால் போனார்கள். அமெரிக்காவில் ஹலிபிரான்ட். ஃபோர்ட் ஜிடி40 முதலில் பொர்ரானி கம்பிச் சில்லோடு வந்து, 1965 இல் ஹலிபிரான்ட் மக்னீசியத்துக்கு மாறியது. இங்கிலாந்தில் மினிலைட். மினி கூப்பர் ரலிக் கார்களில் இருக்கிற அந்த எட்டு ஆரச் சில்லு முதலில் மக்னீசியத்தில்தான் வார்க்கப்பட்டது. பிறகு வந்தவை அலுமினியம். அறுபதுகளின் மக்னீசியம் மினிலைட் என்று நிரூபிக்க முடிந்தால் விலை வேறு. இத்தாலியில் கம்பனோலோ. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும், விசென்சா நகரத்தில் சைக்கிள் கியர் செய்கிற அதே நிறுவனம்தான். 1966 இல் வந்த லம்போர்கினி மியூராவின் மக்னீசியம் சில்லு அவர்களுடையது. ஜப்பானில் ரொயோட்டா 2000 ஜிடியும் மக்னீசியம் சில்லோடு வந்தது. அந்தக் கார் மொத்தம் 350 அளவில்தான் செய்யப்பட்டது. உதிரிச் சில்லு எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கையில் இருப்பது மக்னீசியமா அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கிப் பார்த்தால் சந்தேகம் வரும், ஆனால் அது போதாது. பின்பக்கத்தில், எழுத்தில்லாத ஒரு மூலையில், பேனாக்கத்தியால் ஒரு நகக்கீறல் அளவு பெயின்ரைச் சுரண்டுங்கள். வெறும் உலோகத்தில் ஒரு துளி வினாகிரி விடுங்கள். மக்னீசியம் என்றால் உடனே நுரைத்துக் குமிழி விடும், அலுமினியம் பேசாமல் இருக்கும். பார்த்ததும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரைண்டர் போடாதீர்கள், துளைக்காதீர்கள். மக்னீசியத் தூளும் சுருளும் தீப்பிடிக்கும், பிடித்தால் வெள்ளையாக எரியும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். காய்ந்த மணல்தான் போட வேண்டும். 1955 இல் லெ மான்ஸ் பந்தயத்தில் மக்னீசியக் கலப்பு உடம்போடு இருந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் மோதிச் சிதறி எரிந்து, பார்த்துக்கொண்டிருந்த சனம் 80 பேருக்கும் மேல் செத்தார்கள். தீயணைப்புக்காரர் தண்ணீர் அடிக்க அடிக்க அது எரிந்தது. வெல்டிங் கடைக்காரத் தம்பிமார் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பழைய அலோய் ஒன்று வெடிப்போடு வந்தால், வினாகிரிக்கு முன் வெல்டிங் இல்லை.

மக்னீசியம் சில்லை முல்லைத்தீவில் வைத்திருக்கலாமா?

முல்லைத்தீவில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் வேண்டாம். உப்புக் காற்று அதற்கு யமன். மேற்பூச்சு ஓரிடத்தில் போனால் போதும், அந்த இடத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்து உள்ளே தின்றுகொண்டு போகும். கடைசியில் வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், உள்ளே பொருக்காகியிருக்கும். வைக்கத்தான் வேண்டும் என்றால் இரணைமடுப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில், நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள்.

ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. ஐம்பது அறுபது வயது மக்னீசியம் சில்லை வெடிப்புச் சோதனை செய்யாமல் காரில் போடக்கூடாது. நிறத் திரவத்தைப் பூசித் துடைத்து, மயிரிழை வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும் முறை இருக்கிறது. எக்ஸ்றே எடுப்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் பலர் பழைய சில்லைக் கண்காட்சிக்கு மட்டும் போட்டு, ஓடுவதற்குப் புதிய அலுமினிய நகலை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

போர்ஷேயின் ஃபுக்ஸ் சில்லுக்கு என்ன அப்படி விசேஷம்?

வார்த்ததற்கும் அடித்ததற்கும் உள்ள வித்தியாசம். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் அது வார்ப்பு. கட்டியை அழுத்தி அடித்து உருவம் கொடுத்தால் அது வேறு. வார்த்த கருவி கல்லில் பட்டால் உடையும், கொல்லன் அடித்த மண்வெட்டி வளையும், உடையாது. மெய்னர்ட்ஸ்ஹாகன் என்ற ஜெர்மன் ஊரில் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அலுமினியத்தை அப்படி அடித்துச் சில்லு செய்தது. ஐந்து இதழ்ப் பூப்போன்ற அந்தச் சில்லு 1966 இல் போர்ஷே 911 எஸ் காரோடு வந்தது. அடித்த உலோகம் உறுதியானது என்பதால் மெல்லியதாகச் செய்யலாம், பாரம் குறையும்.

இங்கேதான் அகலத்தின் கதை வருகிறது. முதல் வந்தவை வெறும் 4.5 அங்குலம். பிறகு 5.5, அப்புறம் 6. 1973 மாதிரியான கரேரா ஆர்எஸ் 2.7 காருக்கு முன்னால் 6, பின்னால் 7. 911 ரேர்போ கார் வந்தபோது 7 உம் 8 உம். முன்னால் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பூ. ஆனால் மிக ஆரம்பத்து ஒடுங்கியதும், பந்தயக் கார்களுக்குச் செய்த அகலமானதும் குறைவு. நடுவில் உள்ளவை நிறைய. அதனால் ஒரே முகத்துக்கு நாலு விலை.

ஃபுக்ஸ் வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, மினுக்குவது. அது தொழிற்சாலையில் இருந்து மின்முறையில் ஏற்றிய ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தோடு, கொஞ்சம் மங்கலான வெள்ளி நிறத்தில் வந்தது. கண்ணாடிபோல மினுக்கினால் அந்தப் படலம் போய்விடும். தெரிந்தவர் அதைக் கண்டதும் விலையைக் குறைப்பார்.

அப்படியென்றால் மினுக்காமலே விற்பதா? அழுக்காக இருந்தால் யார் வாங்குவார்?

தெரிந்தவர் அழுக்கோடுதான் வாங்குவார். இதைக் காசு கொடுத்துப் படித்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் வவுனியாவில் இருந்து ஒருவர் நாலு ஜப்பான் அலோய் கொண்டுவந்தார். பழைய எட்டு ஆர வார்ப்பு, கறுத்துப்போயிருந்தது. நானே ஆர்வத்தில், மணல் அடித்துப் பெயின்ட் பண்ணுகிற இடத்துக்கு அனுப்பினேன். வந்தபோது புதுக் கல்யாண மாப்பிள்ளைபோல இருந்தன. கொழும்பில் இருந்து வாங்க வந்தவர் நேரே திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தார். எழுத்தெல்லாம் தடித்த பெயின்ருக்குள் மூழ்கிக் கிடந்தது, ஓரிடத்தில் மணல் அடித்த வேகத்தில் முத்திரையே மழுங்கிப்போயிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். சொந்தக்காரருக்கு என் கைக்காசைத்தான் கொடுத்துச் சமாளித்தேன்.

எங்கள் டிஎக்ஸ் கொறோல்லா வாகனில் ஜப்பான் அலோய் இருக்கிறது. விலை போகுமா?

போகலாம். ஜப்பானில் வத்தனபே என்று ஒரு பெயர் இருக்கிறது, எட்டு ஆரச் சில்லு. டட்சன் இசட், பழைய ஸ்கைலைன், கொறோல்லா கார்களில் ஓடியவர்கள் அதைத் தேடிப் போட்டார்கள். அதிலும் மக்னீசியம், அலுமினியம் என்று இரண்டு உண்டு. எங்கள் ஊரில் ஓடுகிற டிஎக்ஸ் கொறோல்லாவுக்கு நாலு நட்டு, நட்டுத் துளைகள் அமைந்த வட்டம் 114.3 மில்லிமீற்றர். ஜப்பான் ரசிகர்கள் உயிராக மதிக்கிற ஏஇ86 ரகக் கொறோல்லாவுக்கும் அதே அளவுதான். ஆகவே அந்தக் காலத்து ஜப்பான் சில்லு ஒன்று மறுவிற்பனை வாகனத்தோடு இங்கே வந்திருந்தால் அதிசயமில்லை.

ஜேடபிள்யூஎல் என்ற குறியைக் கண்டதும் துள்ளாதீர்கள். அது ஜப்பான் தரத்துக்கு ஏற்பச் செய்தேன் என்று தயாரிப்பாளர் தானே சொல்வது. விஐஏ என்று பக்கத்தில் இருந்தால் வெளி ஆய்வுகூடம் ஒன்று சோதித்திருக்கிறது. இரண்டும் தரத்துக்கான குறிகள், பழமைக்கான சான்று இல்லை. மலிவு நகல்காரர் முதலில் நகலெடுப்பதும் இந்த எழுத்தைத்தான்.

2020 இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தபோது பழைய வாகனங்களுக்கே கிராக்கி வந்து, டிஎக்ஸ் வைத்திருந்தவர் அதைத் தங்கம்போல வைத்திருந்தார். அலோயைக் கழற்றி விற்பதற்கு முன் வாகனத்தோடு சேர்த்து விற்றால் என்ன கிடைக்கும் என்றும் விசாரியுங்கள்.

நட்டு வட்டத்தை எப்படி அளப்பது?

நாலு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் நடுவில் இருந்து நடு. அவ்வளவுதான். ஐந்து துளைக்கு எதிர்த்துளை இல்லை. ஒரு துளையின் நடுவில் இருந்து, பக்கத்துத் துளையை விட்டு, அடுத்த துளையின் நடுவரை அளந்து 1.051 ஆல் பெருக்குங்கள். 123.6 மில்லிமீற்றர் வந்தால் வட்டம் 130. போர்ஷே 911 க்கு அந்த அளவு. பழைய இரும்புக் கடையில் ஐந்து துளையும் 130 உம் கண்டால் எனக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

மூன்று துண்டுச் சில்லு என்றால்?

பிபிஎஸ் நிறுவனம் 1970 இல் ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் தொடங்கியது. பௌம்கார்ட்னர், பிரான்ட், ஷில்டாக் என்பதன் முதலெழுத்துகள்தான் பெயர். 1983 இல் வந்த அவர்களின் ஆர்எஸ் சில்லில் நடு முகம், வெளி விளிம்பு, உள் விளிம்பு மூன்றும் தனித்தனி, சுற்றிவர சின்னப் போல்ட்களால் பூட்டியது. விளிம்பு நெளிந்தால் அதை மட்டும் மாற்றலாம். அதே காரணத்தால் விற்கிறவர் எதையும் எதனோடும் பூட்டலாம். நடு முகத்தின் எண்ணும் விளிம்பின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்பட்ட முகங்களில் இதுவும் ஒன்று. நகலில் போல்ட்கள் பெரும்பாலும் வெறும் அலங்காரம்.

2009 க்குப் பிறகு புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களில் நல்ல அலோய்கள் இருந்தனவாமே?

எரிந்த சில்லு எதுவும் நல்லதல்ல. அலுமினியம் 660 பாகையில் உருகும். ஆனால் உருக வேண்டியதில்லை, அதற்கு வெகு கீழே, இருநூறு முந்நூறு பாகையில் கொஞ்ச நேரம் கிடந்தாலே தொழிற்சாலையில் கொடுத்த உறுதி போய்விடும். பார்வைக்கு வட்டமாகத்தான் இருக்கும். அதைப் பூட்டி ஓடினால் ஒரு குழியில் கிழியும். பெயின்ட் கொப்பளித்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மற்றபடி, அந்த வாகனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். அதை விலை பேச எனக்கு விருப்பமில்லை.

நெளிந்ததை நிமிர்த்தினால் விலை குறையுமா?

இரும்பு என்றால் பெரிதாக இல்லை. அலோய் என்றால் குறையும். வெல்டிங் பட்டிருந்தால் இன்னும் குறையும். அதை மறைத்து விற்றால் உங்கள் பெயரும் குறையும்.

என்னிடம் ஒரே ஒன்றுதான் இருக்கிறது.

நாலு இருந்தால் ஒன்றின் விலையை நாலால் பெருக்குவதைவிடக் கூடக் கிடைக்கும். ஒன்று என்றால் அதற்கு வேறு வாங்குபவர் வேண்டும்: மூன்று வைத்துக்கொண்டு நாலாவதைத் தேடுகிறவர், அல்லது உதிரி இல்லாதவர். அவர் உலகத்தில் எங்கோ இருப்பார். காத்திருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் வன்னியில் நேரில் கண்ட மிகப் பெறுமதியான சில்லு எது?

மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில், கோழிக்கூட்டின் மேல் தகரம் காற்றில் போகாமல் பாரமாக வைத்திருந்த கம்பிச் சில்லு. ஒடுங்கல், விட்டம் 19 அங்குலம், துருப்பிடித்த கம்பிகள், சில இல்லை. நான் வேறு வேலையாகப் போனவன், சும்மா குனிந்து குடத்துக்குள் விரலை விட்டேன். பற்கள். சாதாரண மோட்டார் சைக்கிள் குடத்தில் அப்படிப் பற்கள் இருக்காது. எம்ஜி டிசி என்று ஒரு கார், 1945 தொடக்கம் 1949 வரை பத்தாயிரம் அளவில் செய்தார்கள், அதற்கு இப்படி 19 அங்குல ஒடுங்கல் சில்லு. பெறுமதி என்று பார்த்தால் பெரிய பணம் இல்லை, பற்கள் ஒரு பக்கம் தேய்ந்தும் இருந்தன. ஆனால் எனக்குக் கை நடுங்கியது.

வீட்டு ஆச்சியிடம் விலை கேட்டேன். காசு வேண்டாம் என்றார், கூட்டின் மேல் வைக்க அதே பாரத்தில் ஒன்று கொண்டுவந்து தா என்றார். அடுத்த கிழமை லான்ட்மாஸ்டரின் பழைய றிம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மற்ற நாலு சில்லும் எங்கே ஆச்சி, அந்தக் கார் என்னவானது என்று கேட்டேன். ஆச்சி சில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உது காரின்ரையோ தம்பி? மனுசன் மோட்டச்சைக்கிள் எண்டெல்லோ சொல்லி வாங்கிக்கொண்டு வந்தது."